கிட்டங்கியில் கிடந்த கரி

கரி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் தரையில் முழங்காலூன்றி லீலாபாய் கரி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுப்பு வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் வேஷ்டி பாழாகிவிடும். மூக்கைத் துடைத்த துண்டு அதற்குள் கறுத்துவிட்டது.

"என்ன கிடைச்சுது, மேட்ரன்?"

"கரி."

"கரிக் கிட்டங்கில கரியா! சங்குமுகம் கடற்கரைக்கு வாங்கோ, உப்புத்தண்ணியும் கண்டுபிடிச்சுடலாம்."

லீலாபாய் அடுத்த துண்டைப் பொறுக்கினாள். ஒரு சிறையில் பெண்கள் பகுதிக்கு மேட்ரனாக இருந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தவள். இப்போது போலீஸ் கைவிட்ட வழக்குகளையும் போலீஸ் கெடுத்த வழக்குகளையும் பார்த்துப் பிழைக்கிறாள். அவளுக்கு உதவிக்கு வரும் சுப்பு நாற்பது வயதைத் தாண்டிய டைப்பிஸ்ட். மேலதிகாரியின் கடிதத்தில் மேலதிகாரி சொல்லாத ஒரு வரியைச் சேர்த்து அடித்ததால் வேலை போனது. அந்த வரி என்ன என்று யார் கேட்டாலும் சொல்வான். யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கரமனை ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கரி முற்றம் பகவதிப்பெருமாள் பிள்ளையுடையது. அவருடைய எண்ணெய் ஆலை சாலைக் கடைவீதியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்வரை தேங்காய்ச் சிரட்டையை மலைபோல் குவித்து வைத்து, யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார். பிறகு சேஷன் வந்தான். ரசாயனம் படித்தவன், கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கிய சமயம் அது. சிரட்டையைக் கரியாக்கினால் விறகுக்கரியைவிட நின்று எரியும் என்று சேஷன் காட்டினான். செக்கடியில் தங்கும் எண்ணெய்க் கசண்டைச் சோப்பாக்கினான். புண்ணாக்கு மாட்டுக்குப் போனது, சாம்பல்கூடத் தோட்டத்துக்குப் போனது. ஆலையில் எறியக் கூடியது என்று எதுவும் மிஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், இந்தக் கிட்டங்கிக்குள் சேஷன் செத்துக் கிடந்தான். முகத்தின்மேல் ஒரு சாக்கு. கதவு வெளியே தாழிட்டிருந்தது. முதலில் பார்த்தவர் முதலாளி. மூச்சுமுட்டிச் செத்தான் என்று டாக்டர் சொன்னார். அன்று பொழுது சாய்வதற்குள் எரித்தும்விட்டார்கள்.

குழியில் சிரட்டை சுடும் ராஜையனைப் போலீஸ் பிடித்துப்போனது. குழிக்குப் பதிலாக இரும்பு டிரம்மில் கரி சுட சேஷன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். டிரம் வந்தால் குழிக்காரர்களுக்கு வேலை இல்லை. இருவரும் சத்தம் போட்டுச் சண்டையிட்டதை முற்றமே கேட்டிருக்கிறது. இன்று சாயங்காலம் ராஜையனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டால் அப்புறம் வெளியே வருவது யாருடைய ஆயுளில் என்று சொல்ல முடியாது.

அவனுடைய மனைவி எலிசாள் கிட்டங்கிச் சுவரோரம் நின்றாள். அவளும் இதே முற்றத்தில் தேங்காய் வெட்டுகிறவள்.

"ஒப்புக்கிட்டாருண்ணு ஸ்டேஷன்ல சொல்லுகாங்க அக்கா. அடிச்சு ஒப்புக்க வச்சிருப்பானுவ. எனக்க மாப்பிள கோழிய அறுக்கவே கண்ண மூடுகவரு."

"முட்டைக்கும் மூடுவாரா?" என்றான் சுப்பு.

எலிசாள் அவனைப் பார்த்தாள். சுப்பு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

லீலாபாய் எழுந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் விரல்நீளக் கரித்துண்டுகள்.

"எலிசா, நீ தேங்காய எப்படி வெட்டுவ?"

"எப்படியா? நடுவுல ஒரே வெட்டு. ரெண்டு மூடி."

"எல்லாரும் அப்படித்தானா?"

"வேற எப்படி? மூடியா இருந்தாத்தான் தேங்காப் பருப்பு காயும்."

லீலாபாய் மூட்டையிலிருந்து ஒரு கரியை எடுத்தாள். கிண்ணத்தில் பாதிபோல் இருந்தது. அதை உடைத்தாள். உடைந்த இடம் கண்ணாடிபோல் பளபளத்தது.

"பாரும் சுப்பு. கரியான பிறகு உடைஞ்சா இப்படி மின்னும். இந்த முற்றத்துக் கரியில ஒரு ஓரம் எப்பவும் கத்தி வெட்டினதாட்டு நேரா இருக்கும். அந்த மூலையில கிடந்த இந்தத் துண்டுகள்ல ஒரு நேர் ஓரமும் இல்ல. உடைஞ்ச இடம் மின்னவும் இல்ல, மங்கிக் கிடக்கு. அப்ப இது முதல்ல உடைஞ்சுது, பிறகுதான் கரியாச்சு."

"வெட்டாம உடைச்ச தேங்காய்."

"எறிஞ்சு உடைச்ச தேங்காய். ஊர்ல எங்க எறிவாங்க?"

சுப்புவுக்கு அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "பழவங்காடிப் பிள்ளையார்தான் கொலையாளின்னு சொல்லப்போறேளா? ஜாமீன் யார் நிக்கறது?"

*

பழவங்காடியில் காலைக் கூட்டம் கலைந்திருந்தது. சந்நிதிக்கு முன்னால் கல்லில் தேங்காய் மோதும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பரீட்சை, கல்யாணம், வழக்கு, எதுவானாலும் இந்த ஊரில் இங்கே ஒரு தேங்காயை ஓங்கி எறியாமல் தொடங்குவதில்லை. சிதறுவதைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த சரஸ்வதியம்மாளுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. தேங்காய்ச் சில்லு கொப்பரைக்குப் போகும். சிரட்டையை அவளே வீட்டுக்குப் பின்னால் சுட்டுக் கரியாக்கி விற்றாள்.

லீலாபாய் காட்டிய துண்டை அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"நம்ம சாதனம்தான், நான் சுட்டது. இதுக்கென்னா?"

"யாருக்கு விக்கீங்க?"

"கோட்டைக்குள்ள சாமிமார் வீட்டுக்கு மாத்ரம். நாலஞ்சு வீடு. பகவானுக்கு உடைச்சதுல்லா, சுத்தம். கடைக்கரி அவங்க அடுப்புல கேறாது."

"கரிமுற்றத்துக்கு?"

"அவனுவளுக்கு எதுக்கு? அங்கதான் மலையாட்டுக் கிடக்கே." அவள் கூடையை இடுப்பில் ஏற்றினாள். "பாவம், அங்க செத்துப்போன சேஷஸ்வாமி வீட்டுக்கும் நான்தான் கொடுக்கேன். அந்தப் பொண்ணு சீதாலக்ஷ்மி சஞ்சிப்பையோட நேர்ல வரும். இந்த வாரம் வரல்ல. இனி வருமோ என்னவோ."

சுப்பு சிறிது தூரம் நடந்தபின் சொன்னான்: "ஊருக்கெல்லாம் சிரட்டைக்கரி வித்த மனுஷன், ஆத்துக்குப் பிள்ளையார்கிட்டயிருந்து வாங்கியிருக்கான்."

"அதைக் கிட்டங்கிக்கு எதுக்குக் கொண்டுபோனாரு? அதைச் சொல்லும்."



*

துக்க வீட்டு வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்புவை அவர்களிடம் விட்டுவிட்டு லீலாபாய் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனாள். உள்ளே வரச் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு வருத்தமும் இல்லை. கிணற்றடியில்தான் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள்.

சீதாலக்ஷ்மிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அழுது முடித்து, அழ இன்னும் இருக்கிறது என்று தெரிந்த முகம்.

"போலீஸா?"

"இல்ல. ராஜையன் வீட்டுல இருந்து வாறேன்."

அவள் உள்ளே திரும்பிப் போய்விடுவாள் என்று லீலாபாய் எதிர்பார்த்தாள். போகவில்லை.

"அவனைப் பத்தி இவர் நன்னாத்தான் சொல்லுவார். சண்டை போட்ட அன்னிக்கும், 'அவனைத்தான் டிரம்முக்கு மேஸ்திரியாப் போடப்போறேன், அந்த மடையனுக்குப் புரியல'ன்னார்." லீலாபாயை நேராகப் பார்த்தாள். "எதுக்கு அவன் அப்படிப் பண்ணினான்?"

"பண்ணலண்ணு நினைக்கேன். மத்தியானம் உங்க வீட்டுக்காரர் எங்க சாப்பிடுவாரு?"

சீதாலக்ஷ்மி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கிருந்து இருமல் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கயேதான். தானே வடிச்சுப்பார். வெளில ஒருத்தர் கையால சாப்பிட மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டுத்தான் ஆலை வேலைக்கே போனார். அந்த முற்றத்துச் சிரட்டைக்கரியும் கூடாது. வெட்டறவா சுரண்டித் தின்னுண்டே வெட்டறா, எல்லாம் எச்சில்னு அம்மா சொல்லிட்டா. நான்தான் தினம் பையில இந்தக் கரியைக் கட்டிக் கொடுப்பேன்."

"அவருக்கு இதுல நம்பிக்கை உண்டா?"

"ஒரு துளி கிடையாது. சிரிப்பார். ஆனா செய்வார்."

"சாப்பிடும்போது?"

"யார் கண்லயும் படப்படாது. அதுவும் சத்தியம்தான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திண்டு..."

அவள் நிறுத்தினாள். மூடின அறையில் கரி கனன்றால் உயிர் போகும் என்பது அடுப்பெரிக்கும் எந்த வீட்டிலும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

லீலாபாய் காத்திருக்கவில்லை. "வடிக்கிற பாத்திரம் எது?"

சீதாலக்ஷ்மி கையை நீட்டிக் காட்டினாள். கிணற்றுக்கு அப்பால் துவைக்கிற கல்லருகே ஒரு சின்ன வெண்கலப் பானை கவிழ்ந்து கிடந்தது.

"முதலாளி நேத்தி வண்டில அனுப்பினார். குடை, மூக்குக்கண்ணாடி, அதோட இதுவும். யாரோ தேய்ச்சு வந்திருக்கு, அதனால உள்ள எடுக்கல."

லீலாபாய் பானையை எடுத்து முகர்ந்தாள். புளியாலோ சாம்பலாலோ தேய்த்த வாசனை இல்லை. கசண்டுச் சோப்பின் கனத்த எண்ணெய் வாசனை. செத்தவனே காய்ச்சிய சோப்பு.

"கும்மட்டி அடுப்பு வரல்லியா?"

"வரல." அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இதை அம்மாகிட்ட யாரும் சொல்ல வேண்டாம். தயவுபண்ணி."

"கோர்ட்ல கேட்டா?"

உள்ளே மறுபடி இருமல் கேட்டது.

"கேட்டா சொல்றேன்," என்றாள் சீதாலக்ஷ்மி. "அவன் ஆத்துலயும் ஒருத்தி இருக்காளே."

*

இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணியைக் கரி முற்றத்துக்கு அழைத்துவரும் வேலை சுப்புவுக்கு. என்ன சொல்லி அழைத்தான் என்று தெரியவில்லை. வந்தவர் கோபமாக இருந்தார், ஆனால் வந்துவிட்டார்.

"லீலாபாயம்மா, ஒரே சர்ச்சு சபைக்காரங்கண்ணு பாத்து வந்தேன். அவன் ஒப்புக்கிட்டான். அடிக்கவும் இல்ல, மிரட்டவும் இல்ல. கேட்டேன், 'நான்தான் சாரைக் கொன்னேன்'னான். பிறகு வாயத் திறக்கல. இன்னும் என்ன வேணும்?"

"சேஷன் உடுப்பு ஸ்டேஷன்ல இருக்கா?"

"இருக்கு."

"முன்பக்கம் என்ன நிறம்?"

"வெள்ளை. பின்பக்கம்தான் தரையில கிடந்ததால கறுப்பு." சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண்கள் முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் போயின. முழங்கைவரை கறுப்பு. தொட்ட கூடை கறுப்பு, குடிக்கிற செம்பு கறுப்பு.

"அந்த மாதிரிக் கை ஒரு மனுஷன் திமிறத் திமிற அமுக்கிப் பிடிச்சா, சட்டையில ஒரு விரலாவது பதியாதா? முகத்துல கிடந்த சாக்கு எந்தச் சாக்கு?"

"சாக்கு... சாக்குதான்."

"புண்ணாக்கு நாத்தம் அடிச்சுதா?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையசைத்தார். கரிமுற்றத்துக்குப் புண்ணாக்கு வருவதில்லை. ஆனால் முதலாளியின் வண்டி வருகிறது. வெள்ளை வேஷ்டியில் அழுக்குப் படாமலிருக்க ஆசனத்தில் புண்ணாக்குச் சாக்கை விரித்திருப்பார்கள். அந்த வண்டி இப்போதும் மாமரத்தடியில்தான் நின்றது. ஆசனம் வெறும் பலகையாக இருந்தது.

பகவதிப்பெருமாள் பிள்ளை விபூதி பூசிய நெற்றியோடு சிரித்துக்கொண்டே வந்தார். "வாருங்கோ, வாருங்கோ. இளநி வெட்டச் சொல்லட்டா?"

"வேண்டாம்," என்றாள் லீலாபாய். "செவ்வாய்க்கிழமை கிட்டங்கியில அடுப்பும் பானையும் இருந்துதா?"

"அடுப்பா? கரிக் கிட்டங்கியில தீ மூட்டுகதா? பைத்தியமா? ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளையும் சாக்கும்தான்."

லீலாபாய் துணிக்குள்ளிருந்து பானையை எடுத்து அவர் முன்னால் கல்லின்மேல் வைத்தாள்.

பிள்ளை அதைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அடுப்பை ஆத்துல எறிஞ்சிட்டீங்க. இதையும் எறிஞ்சிருந்தா உங்கள யாரும் அசைச்சிருக்க முடியாது," என்றாள் லீலாபாய். "செத்துப்போன பிராமணன் சோறு வடிச்ச பானை. எறியவும் பயம், வச்சுக்கிடவும் பயம். இல்லியா?"

பிள்ளை நெற்றியைத் துடைத்தார். விபூதி கையோடு வந்தது. அவர் உட்கார இடம் தேடி, ஒன்றும் கிடைக்காமல் கரி மூட்டைமேலேயே உட்கார்ந்தார். வெள்ளை வேஷ்டி போய்விட்டது.

"நான் கொல்லல. வந்து திறக்கேன், செத்துக் கிடக்கான். பக்கத்துல அடுப்பு. பானையில சோறு, ஒரு பருக்கை எடுக்கல. நான் என்ன செய்ய?"

"போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம்."

"என்ன சொல்லணும்? கரிப்புகையில செத்தான்னா? எங்க கரிய வாங்கி பஸ்ஸுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நாப்பது பேர ஏத்திக்கிட்டுப் போறானுவ. கரி செஞ்சவனே கரிப்புகையில செத்தான்னு நாளைக்குப் பத்திரிகையில வந்தா எவன் வாங்குவான்? எவன் பஸ்ஸுல ஏறுவான்?" குரல் உயர்ந்தது. "கொலைண்ணா ஒருத்தன் போவான். இதுண்ணா முற்றமே போகும். வாசல்ல நிக்க எலிசாளுக்க புருஷன் பிழைப்பும் அதுல உண்டு."

எலிசாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் தேங்காய் வெட்டுகிற கத்தி இருந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். சுப்பு மெதுவாக நகர்ந்து அவளுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றான்.

"தாழும் நீரேதான் போட்டீரு, இல்லியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "வெளியில இருந்து எவனோ வந்து கொன்னாப்பல இருக்கட்டும்ணு."

"இல்ல! தாழு போட்டுத்தான் கிடந்துது. சத்தியமா. நான் வரும்போதே வெளியில தாழு."

"அடுப்பே இல்லண்ணு இப்பத்தான் சாதிச்சீரு."

"அதுவேற, இதுவேற. எனக்க பிள்ளைக மேல ஆணை..."

"வண்டியில ஏறும்."

லீலாபாய் கிட்டங்கிக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே சுவரில், உயரத்தில் இரண்டு காற்றுத் துளைகள். இரண்டிலும் சாக்கு திணித்திருந்தது, வெளிப்பக்கமிருந்து. ஏணி வைத்து ஏறினால்தான் எட்டும். பிள்ளைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். சாக்கின்மேல் விரல் தடங்கள் இருந்தன. கறுப்பு.

அவள் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

*

ஸ்டேஷனில் லாக்கப் கம்பிக்குப் பின்னால் ராஜையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் மேஜையருகே முதலாளியின் வாக்குமூலத்தை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். எலிசாளும் லீலாபாயும் மட்டும் கம்பியருகே வந்தார்கள்.

"ஏய், கேட்டீரா? மொதலாளி ஒத்துக்கிட்டாரு. ஒம்மள விடப்போறாங்க."

அவன் திரும்பினான். மகிழ்ச்சி எதுவும் இல்லை.

"விடக்கூடாது," என்றான்.

"என்ன உளறுகீரு?"

"நான்தான் கொன்னேன். இன்ஸ்பெக்டர்ட்ட சொன்னது உண்மைதான்." குரல் தரையோடு இருந்தது. "சாரு சாப்பிடப் போனா நான்தான் சாக்கு அடச்சு வெளியில தாழு போடணும். ஆளு வந்து திறந்திரக்கூடாது பாத்தியா. சாப்பிட்டு முடிச்சுத் தட்டுவாரு, திறப்பேன். தினமும் உள்ளதாக்கும். அண்ணைக்குத் தாழு போட்டுத் திரும்புகேன், ஆத்தோரக் குழியில புகை நிறம் மாறிப்போச்சு. அப்பமே மண்ணு போட்டு மூடல்லண்ணா அத்தனையும் சாம்பலாயிரும். மூட ஓடினேன். சாருக்க நெனப்பே இல்ல எலிசா. குழிதான் ஓர்மை. திரும்பி வரும்போ மொதலாளி அலறி நெலவிளிச்சிட்டு நிக்காரு."

எலிசாள் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"அவரு தட்டியிருப்பாரு," என்றான் ராஜையன். "தட்டியிருப்பாரு."

மேஜையிலிருந்து பேனாச் சத்தம் கேட்டது. சுப்பு இன்ஸ்பெக்டரிடம் ஏதோ ஹாஸ்யம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

எலிசாள் கம்பிக்குள் கைவிட்டு அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனுடைய நெற்றி கம்பியில் மோதியது.

"தாழு போடச் சொன்னது யாரு?"

"சாரு."

"சாக்கு அடைக்கச் சொன்னது?"

"சாரு. ஆனா எலிசா..."

"அப்ப வாய மூடி மிண்டாத இரும். ஒம்ம பாவத்த நீரு சாகுவரைக்கும் வீட்ல இருந்து சொமக்கலாம். இங்க இருந்து சொமந்தா எனக்க பிள்ளைகளும் சேந்து சொமக்கணும்."

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை. அவன் வாயை மூடினான்.

"என்ன அங்க?" இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்தே கேட்டார். "என்ன சொல்லுகான்?"

எலிசாள் லீலாபாயைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மேஜையருகே பகவதிப்பெருமாள் பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தான் வரும்போதே வெளியே தாழ் போட்டிருந்தது என்று அவர் பண்ணிய சத்தியம் உண்மை. அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லக்கூடியவள் இனி லீலாபாய் ஒருத்திதான்.

"வீட்டுக்குப் போகணுமாம்," என்றாள் அவள். "கதவைத் திறக்கச் சொல்லுங்க."